நான் விட்டுவிட்ட இறுதிக் காட்சி

சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திர மாநிலம் பிரிந்த பின், எல்லை ஊரான நகரி எந்தப் பக்கம் சேரும் என்று தெரியாமல் ஊரே கொதித்திருந்த காலம். நான் அங்கே தமிழாசிரியன். கர்நூலிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒரு தெலுங்குக் குடும்பத்தை ஊரார் ஐயத்தோடு பார்த்தனர். அந்த ஐயத்தைப் போக்கவே பள்ளி விழாவிற்கு ஒரு பேய் நாடகம் எழுதினேன். ஊரை நடுங்கவைக்கும் பேய், உண்மையில் தண்ணீர் கேட்டு வந்த அயலூர்த் தாய் என்பது இறுதிக் காட்சியில் விளங்கும்.

பேய்க்கு அத்தெலுங்குக் குடும்பத்துத் தாயைப் போலவே புடவை கட்டுவித்தேன். அது மேடையேறியதும் கூட்டம் அலறியது. பின் கைதட்டல் ஓயவில்லை. அதில் மயங்கி, இறுதிக் காட்சிக்கு முன்பே திரையை இறக்கச் சொன்னேன்.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், கங்கம்மா பக்கத்துல குந்த மாட்டேன். அவங்கம்மா பேயி. நேத்து நீங்கதான காட்னீங்க!"

அக்குடும்பத்தின் ஒரே மகள் கங்கம்மா. நண்பகலில் அவள் தாய் வந்து மகளின் பையை எடுத்தாள்.

"பிள்ளையை நிறுத்தாதீர்கள், அம்மா. இறுதிக் காட்சியையும் நடத்திக் காட்டுகிறேன்" என்று கெஞ்சினேன்.

"நேத்து ஊரே வந்துச்சு, அய்யவாரு. இனிமே யாரு வருவாங்க?"

அடுத்த வாரம் அக்காட்சியோடு நாடகத்தை மீண்டும் நடத்தினேன். வந்திருந்த சிலரும் பேய் எப்போது வரும் என்றே கேட்டனர். கங்கம்மா பள்ளிக்குத் திரும்பவேயில்லை.

ஊரார் கொடியவர்கள் என்று நெடுங்காலம் சொல்லி வந்தேன். இந்த அகவையில் அப்படிச் சொல்லித் தப்பிக்கவும் வலுவில்லை. அவர்களிடம் இருந்தது வெறும் ஐயம். அதற்கு முகமும் உடையும் கொடுத்தவன் நான்.