சார்ஜில் இருந்த போன்

இரண்டாயிரத்து ஆறில், அந்த மழைக்காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் கரண்ட் கம்பி மீது மரம் முறிந்து விழுந்தபோது, என் கைத்தொலைபேசியில் ஒரு கோடுதான் மிச்சம் இருந்தது. என் தங்கச்சி பெய்ரூட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அந்த ஊரில் குண்டு போட ஆரம்பித்திருந்தார்கள்.

அவள் கடைசியாகப் போன் எடுத்தபோது, "அக்கா, மேடம் வீட்டுல எல்லாரும் பெட்டி கட்டுறாங்க. என்னையும் கூட்டிட்டுப் போவாங்களான்னு தெரியல" என்றாள். அவ்வளவுதான், லைன் அறுந்துவிட்டது. அவள் கூப்பிடும்போது எங்கள் போனில் நம்பர் விழாது. அதனால் நாங்கள் திருப்பி எடுக்க வழியில்லை. அவள் எடுத்தால்தான் உண்டு. எடுக்கிற நேரம் எங்கள் போனுக்கு உயிர் இருக்க வேண்டும்.

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த நாட்களில் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மற்றக் கையால் போனைத் திறப்பேன். செய்தி ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அணைப்பேன். திறந்து திறந்து அணைப்பதே மிச்சச் சார்ஜைத் தின்றுவிடும் என்று தெரியும். தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா, வாசலில் நான் செருப்பைக் கழற்றும் முன்பே, "சத்தம் வந்துச்சா?" என்று கேட்பாள். இல்லை என்றால் உள்ளே போய்ச் சாமான்களை எடுத்து எடுத்து வைப்பாள்.

நாங்கள் சின்னவர்களாக இருந்த தொண்ணூறுகளில் எங்கள் வரிசை வீடான லயத்தில் கரண்டே கிடையாது. டிவி பார்க்கக் கார் பெட்டரிதான். சார்ஜ் இறங்கியதும் அப்பா அதைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பூண்டுலோயாவுக்குப் போய், பெட்டரிக்குச் சார்ஜ் போடும் கடையில் வைத்துவிட்டு வருவார். திரும்ப எடுக்க இன்னொரு நடை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை சுருங்கிச் சுருங்கி இருட்டாகும். நானும் தங்கச்சியும் தலையில் அடித்துக்கொண்டு படுக்கப் போவோம். சார்ஜ் தீருவது என்றால் எங்களுக்கு அவ்வளவுதான் துக்கம். லயத்துக்குக் கரண்ட் வந்ததும் அப்பா அந்தப் பெட்டரியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். பிறகு அப்பாவும் போய்விட்டார். அந்த மழைநாட்களில் அம்மா, "அது கெடந்திருந்தா இப்ப ஒதவியிருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது சும்மா கிடந்தால் செத்துப்போகும் என்று நான் சொல்லவில்லை.

கரண்ட் போன சில நாட்களில், ஒரு காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் லீவு சொல்லிவிட்டு, போனையும் சார்ஜரையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பூண்டுலோயா டவுனுக்கு இறங்கினேன். போன் அதற்குள் செத்துவிட்டது. டவுனிலும் கரண்ட் இல்லை. போன் கடை மேசையில் ஏற்கெனவே யார் யாருடையதோ போன்கள் பெயர் எழுதி ஒட்டிய தாளோடு வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கரண்ட் வந்தால் ஏற்றுவதற்காகக் கொடுத்துவிட்டுப் போனவை.

"எப்ப வரும்னு தெரியாது தங்கச்சி. கரண்ட்காரங்க இன்னும் இந்தப் பக்கமே வரல" என்றார் கடைக்காரர்.

"என் தங்கச்சி பெய்ரூட்டுல இருக்கா அண்ணே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கடைக்குள் இருந்த பெட்டரி ரேடியோ அந்த ஊர்ச் செய்தியைத்தான் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தது. கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்து, வேன் நிற்கும் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்த நுவரெலியா வேன்ல சிகரட் பத்த வைக்கிற ஓட்டை இருக்குதில்ல, அதுல சொருகிற கார் சார்ஜர் டிரைவர்கிட்ட இருக்கு. எஞ்சின் ஓடினா வீட்டுச் சார்ஜரவிட சுருக்கா ஏறும். போய்க் கேட்டுப் பாருங்க."

டிரைவர் ஒரு சிங்களவர். பூண்டுலோயாவிலேயே பிறந்து வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். சார்ஜரை எடுத்துத் தந்தார். சொருகிப் பார்த்தேன், போகவில்லை. அது பழைய போன்களுக்கான தடித்த பின். ஊருக்கு வந்த ஒருத்தியிடம் தங்கச்சி கொடுத்தனுப்பிய என் போனின் துவாரம் ஊசி போல மெல்லியது. நான் திருப்பித் திருப்பி அழுத்தினேன். "ஒடச்சிராதீங்க நங்கி" என்று, தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, டிரைவர் வாங்கிக்கொண்டார்.

மழையில் திரும்பக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மேசை லாச்சியை இழுத்துக் கவிழ்த்துக் கொட்டினார். வயர்கள், மூடிகள், உடைந்த பொத்தான்கள். அதற்குள்ளிருந்து விரல் நீளத்தில் ஒரு வயர்த் துண்டை எடுத்தார். ஒரு முனையில் தடித்த துவாரம், மறுமுனையில் மெல்லிய பின். "இந்த அடப்டர மாட்டுங்க. காசெல்லாம் வேணாம், வேலை முடிஞ்சதும் கொண்டாந்து குடுங்க" என்றார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

வேன் புறப்படத் தயாராக இருந்தது. டிரைவர், "நிப்பாட்டி வச்சா ஏறாது, எனக்கும் ஹயர் இருக்கு. நீங்களும் ஏறுங்க. போற வழியில ஏறும்" என்றார். முன் சீட்டில் ஏற்கெனவே ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். டவுன் பாடசாலையில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். பாடசாலைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தனியாக இருந்தார். அவரை வழியில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. யாழ்ப்பாணத்து ஆட்கள் தோட்டத்து ஆட்களான எங்களோடு அதிகம் பேச மாட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு. நாங்களும் போய்ப் பேசியதில்லை.

"டீச்சர், கொஞ்சம் நடுவுல நகர முடியுமாங்க? போன் இங்கதான் மாட்டணும்."

"பரவாயில்லை, நீர் நடுவிலை இரும். எனக்குக் கரை இல்லாட்டிச் சத்தி வரும்" என்று, வாந்திக்குப் பயந்து ஜன்னல் ஓரத்திலேயே இருந்துகொண்டு, காலை ஒதுக்கி வழிவிட்டார்.

நடுச் சீட்டுக்கு அடியில்தான் எஞ்சின். ஈரச் சேலையோடு அந்தச் சூட்டில் உட்கார்ந்து, அடப்டரை மாட்டி, போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சின்ன பெட்டரிப் படம் வந்து கோடு ஏறத் தொடங்கியது. திறந்தேன். தவலந்தென்ன தாண்டும்வரை சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி அவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். நுவரெலியாவில் கல்விக் கந்தோருக்கு என்றார். அந்த அலுவலகத்தில் ஊருக்கு இடமாற்றம் கேட்டிருந்தாராம். ஊரில் அம்மா தனியாக இருந்தாராம். வடக்கிலும் மறுபடி சண்டை தொடங்கும்போல இருந்த நாட்கள் அவை.

"உம்மடை ஆள் ஆர் அங்கை?" என்று போனைக் காட்டிக் கேட்டார். சொன்னேன்.

இறம்பொடை ஏற்றத்தில் ஒரு வளைவில் போன் அடித்தது. நம்பர் இல்லை. டிரைவர் நான் சொல்லும் முன்பே வேனை ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தவில்லை.

காதில் வைக்க இழுத்தேன். வயர் எட்டவில்லை. கழற்றினால் போன் செத்துவிடுமோ என்ற பயம். அதனால் டாஷ்போர்ட் மீது தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

"அக்கா," என்றாள் தங்கச்சி. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "வெளிய பூட்டிட்டுப் போயிட்டாங்க அக்கா. வீட்டைப் பாத்துக்கன்னு சொன்னாங்க. ஹால் கண்ணாடி எல்லாம் ஒடஞ்சிருச்சி. நான் கட்டிலுக்குக் கீழ இருக்கேன். வீட்டுப் போன்ல பேசுறேன்."

"ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் அழ ஆரம்பித்தாள். பின்னால் இருந்த ஒருவர், "என்ன, வேன் போகாதா?" என்றார். டிரைவர் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ அதட்டினார்.

டீச்சர் என் தோளைத் தொட்டார். "தாரும், நான் கதைக்கிறன்." அவரும் குனிந்தார். எங்கள் இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டன. அவர் பேசியது எனக்கும் கேட்டது, அவள் பேசியதும் கேட்டது.

"பிள்ளை, நான் ஒரு டீச்சர். அழாமல் சொல்லுறதைக் கேளும். குண்டுச் சத்தத்துக்குள்ளை நாங்கள் கனகாலம் இருந்தனாங்கள். யன்னல் இல்லாத அறை இருக்கே அங்கை?"

"பாத்ரூம் இருக்குங்க."

"அங்கை போய் இரும். கால்லை செருப்பு இருக்கே?"

"இல்லைங்க."

"முதல்லை செருப்பைப் போடும். கண்ணாடி குத்திச்செண்டால் ஓடேலாது. வாளி, சட்டி எல்லாத்திலையும் தண்ணி பிடிச்சு வையும், பிறகு பைப்பிலை வராது. பாஸ்போட் எங்கை?"

"மேடம் அலுமாரியில. பூட்டியிருக்குங்க."

"உடைச்செடும்."

மெதுவாக, "களவெடுத்தேன்னு சொல்லுவாங்களே" என்றாள்.

"உம்மடை பாஸ்போட்டை நீர் எடுக்கிறது களவோ? ஆரும் கேட்டால் டீச்சர் உடைக்கச் சொன்னவ எண்டு சொல்லும். சத்தம் ஓயிற நேரமாப் பாத்து வெளிக்கதவை உள்ளுக்கிருந்து அடியும். பூரிக்கட்டை, சட்டி, என்ன கிடைச்சாலும் எடுத்து அடியும். கீழை ஆரும் நிப்பினம். ஒருக்கா அடிச்சிட்டு இருந்திடாதேயும். விடாமல் அடிக்கோணும். வெளியிலை வந்தால் சனம் கூட்டமாப் போற பக்கம் போம். தனிய நிக்காதேயும்."

தங்கச்சி "சரிங்க, சரிங்க" என்றாள். பிறகு, "அக்காகிட்ட..." என்று தொடங்கினாள். லைன் போய்விட்டது.

நான் போனை உலுக்கினேன். டீச்சர் அதை என் கையிலிருந்து வாங்கி, வயர் கழன்றிருக்கிறதா என்று பார்த்து, திரும்ப என் மடியில் வைத்தார். வேன் நகர்ந்ததும் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிவிட்டேன்.

நுவரெலியாவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. டீச்சர் கந்தோருக்குப் போனார். நான் வேனிலேயே இருந்தேன். டிரைவர் தேநீர் குடிக்கப் போய்வந்தார். எனக்கும் ஒன்று வாங்கி வந்தார். என்னால் குடிக்க முடியவில்லை. அடிக்கடி எஞ்சினை ஓடவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஏறட்டும் நங்கி" என்பார். இறங்கி நிற்பேன், மறுபடி ஏறி உட்காருவேன், சிக்னல் கோடுகளை எண்ணுவேன். போன் அடிக்கவில்லை. டீச்சர் திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "இப்ப ஒண்டும் செய்யேலாதாம். யாழ்ப்பாணப் பாதை பூட்டினாலும் பூட்டுவினமாம்" என்றார். டவுனில் இறங்கும்போது, "தகவல் வந்தால் எனக்கும் வந்து சொல்லும்" என்று மட்டும் சொன்னார். நான் அடப்டரைக் கடையில் கொடுக்கப் போனேன். "வச்சிருங்க, இன்னும் கரண்ட் வரலையே" என்று கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார்.

அம்மாவிடம், பேசினாள், நன்றாக இருக்கிறாள் என்றேன். அம்மா நம்பவில்லை என்று தெரியும். அதன் பிறகு தினமும் காலையில் இறங்கிப் போய், எந்த வேன் டவுனில் எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கிறதோ அதில் போனைப் போட்டு ஏற்றிக்கொண்டு வருவேன். ரேடியோவில் அந்த ஊரின் பெயர் வந்தால் அம்மா நிறுத்தச் சொல்வாள், நிறுத்தினால் போடச் சொல்வாள்.

மரத்தை வெட்டி, கரண்ட் வந்து, மழையும் விட்ட பிறகுதான் போன் அடித்தது. பிள்ளைக்காம்பராவில் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தங்கச்சி ஒரு கோயில் மண்டபத்திலிருந்து பேசினாள். கிறிஸ்தவக் கோயில். நம் நாட்டுப் பெண்கள் நிறையப் பேர் அங்கே தரையில் படுத்திருந்தார்களாம். அலுமாரியை இறைச்சி வெட்டும் கத்தியால் நெம்பித் திறந்திருக்கிறாள். இட்லிச் சட்டி மாதிரி ஒரு கனத்த சட்டியால் கதவை அடித்து அடித்துக் கை வீங்கிய பிறகு, கட்டடத்துக் காவல்காரர் பூட்டை உடைத்திருக்கிறார். கூட்டத்தோடு நடந்திருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். பால் பொங்கி வழிந்தது.

அன்று பின்னேரமே டீச்சர் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்" என்றார். சொன்னேன். "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பிஸ்கட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். சண்டை தொடங்கி, அவருடைய ஊருக்குப் போகும் பாதையை அதற்குள் பூட்டியிருந்தார்கள். அவருடைய அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "லைன் கிடைக்குதில்லை" என்றார். ஊரில் எந்தச் சந்தையில் எந்த நேரம் மரக்கறி வரும், அம்மா யாரை அனுப்பி வாங்குவார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். இருட்டும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு அன்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

தங்கச்சி விமானத்தில் வந்து, பஸ்ஸில் ஏறி, ஒரு பிளாஸ்டிக் பையோடு லயத்துக்கு வந்து சேர்ந்தாள். அம்மா அவளைக் கட்டிப்பிடிக்காமல் கை, கால், முதுகு என்று தடவித் தடவிப் பார்த்தாள். கொஞ்ச நாள் அவள் கதவைச் சாத்த விடமாட்டாள். குளிர் அடித்தாலும் திறந்தே கிடக்க வேண்டும். பிறகு கொழுந்துக்கும் போனாள்.

ஒரு வருடம்கூட இருந்திருக்க மாட்டாள். இன்னொரு நாட்டுக்குப் போக ஹட்டனில் ஏஜென்சிக்காரரைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். நான் சண்டை போட்டேன். பஸ் ஸ்டாண்டில், ஆட்கள் பார்க்க, பையைப் பிடித்து இழுத்தேன்.

"இங்க இருந்து என்ன செய்யச் சொல்ற அக்கா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "கொழுந்து பறிச்சிக்கிட்டு, மழை வந்தா மண்ணு சரியுமான்னு பாத்துக்கிட்டு. அங்கேயும் பயம்தான், இங்கேயும் பயம்தான். அங்க சம்பளமாச்சும் இருக்கு."

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் கையை வைத்திருந்தாள், ஆட்டவில்லை. நான் தோட்டத்துக்கு ஏறிப் போனேன். பிள்ளைக்காம்பராவில் இரண்டு குழந்தைகள் பாலுக்கு அழுதுகொண்டிருந்தன. ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தேன்.