வெற்றிலைக்குப் பின்னால் ஒரு மலை

காலை ஒன்பது மணிக்குப் புளியங்குளத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது என்னிடம் ஒரு குடை, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, வடஇந்தியச் சிற்றோவியங்களைப் பற்றி மூன்று புத்தகங்கள் படித்த கர்வம் ஆகியன இருந்தன. குடைக்குத்தான் வேலை இல்லை. ஐப்பசி பாதி கழிந்தும் வன்னியில் ஒரு துளி விழவில்லை.

நெடுங்கேணிக்குப் பன்னிரண்டு மைல். பஸ்ஸுக்கு அறுபது சதம். பக்கத்தில் துணிமூட்டையோடு முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி ஒருவர். என் கண்ணாடியைக் கண்டதும் கேட்டார்.

"பூச்சி பாக்கிற கண்ணாடியோ ஐயா?"

"சித்திரம் பாக்க, நானா. உள்ளங்கை அகலத்துக்குள்ள ஒரு ஊரையே கீறியிருப்பாங்கள்."

"கண்ணுக்குத் தெரியாமக் கீறுறதெண்டா, பிறகேன் கீறினவங்கள்?"

மூன்று புத்தகங்களிலும் இதற்கு விடை இல்லை.

பத்தரை மணிக்குச் சின்னத்துரை வீட்டை அடைந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே வயல் செய்யும் குடும்பம். அவர் மனைவி பரமேஸ்வரியின் தகப்பனார் பம்பாயில் ரயில்வே வேலை பார்த்தபோது பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய ஓவியம் இங்கே இருக்கிறது: இந்திரன் கொட்டிய மழையிலிருந்து ஆயர்களைக் காக்கக் கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடிக்கும் காட்சி. அதற்காகவே வந்தேன்.

படம் சுவரைப் பார்த்துத் தொங்கியது. அதன் முதுகில் புதிதாக ஒரு சந்தனப் பொட்டு.

"ஏன் தங்கச்சி, திருப்பி வச்சிருக்கிறியள்?"

"அவர் மலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா, மழை எப்பிடி அண்ணை வயலுக்கு இறங்கும்? புழுதியில விதைச்ச நெல்லு மண்ணுக்குள்ளையே கிடக்குது. இந்தக் கிழமையும் பெய்யாட்டி விதைநெல்லும் போச்சு. பூசை குறையேல்லை. முதுகுக்கு நடக்குது."

அது கோகுலத்து மழை, நெடுங்கேணி மழையோடு அதற்குச் சம்பந்தமில்லை என்று கால்மணி நேரம் விளக்கினேன்.

"நீங்கள் சொல்லுறது சரி அண்ணை," என்றார் பரமேஸ்வரி. "அதை மழைக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

சின்னத்துரைக்கு என்மேல் இரக்கம் வந்தது. "இவ்வளவு தூரம் வந்த மனிசன். பாதியெண்டாலும் காட்டன்," என்றார் மனைவியிடம்.

பரமேஸ்வரி யோசித்தார். அகலமான வெற்றிலை ஒன்றை எடுத்து, மலை இருக்கும் மேல்பகுதியை மறைத்து நூலால் கட்டினார். பிறகே படத்தை யன்னலோரம் வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றக் குசினிக்குப் போனார்.

வந்தது வீண்போகவில்லை. மஞ்சள் பட்டின் மடிப்பு ஒவ்வொன்றிலும் மயிரிழைப் பொன்கோடு. ஒரு பசு கன்றை நக்கிக்கொண்டே நிமிர்கிறது. நனைந்த சேலையைப் பிழியும் பெண்ணின் விரல்கள் எள்ளளவு. அவற்றுக்கு நகமும் உண்டு! வரைந்தவன் இமைத்திருக்கவே மாட்டான். எல்லாக் கண்களும் வியப்போடு மேலே பார்த்தன. மேலே இருந்தது வெற்றிலை.

என் விரல் இலையின் ஓரத்துக்குப் போய்விட்டது. அறையில் யாரும் இல்லை. யன்னலுக்கு வெளியே சின்னத்துரை வயலில் குந்தியிருந்து, மண்ணை விரலால் கிண்டி ஒரு நெல்லைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டேன். நம்பிக்கையா என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

மூன்றரை மணிக்குச் சின்னத்துரை என்னைப் பஸ்ஸுக்குக் கூட்டிவந்தார். பஸ் தெரியவும் வானம் இடிக்கவும் சரியாக இருந்தது. அடுத்த கணம் கொட்டியது. குடைக்குள் வரச்சொன்னேன், மனிதர் தோள்சால்வையையும் எறிந்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"அண்ணை, பஸ்ஸை விடுங்கோ! அவா இப்ப இலையை எடுப்பா!"

விட்டேன். ஒன்றரை மைல், இந்த வயிற்றோடு ஓடினேன். முற்றத்தில் பரமேஸ்வரி முழுக்க நனைந்து சிரித்துக்கொண்டு நின்றார். உள்ளே போனால் படம் மறுபடி சுவரைப் பார்த்துத் தொங்கியது.

"மழைதான் வந்திட்டுதே, தங்கச்சி."

"இது மண்ணை நனைக்கிற மழை அண்ணை. குளம் நிரம்பவேணும். பொங்கலுக்கு வாங்கோ, முழுசாக் காட்டுறன்."

மறுநாள் யாழ்ப்பாணத்திலும் அடைமழை. எங்கள் வீட்டு ஓடு நாலு இடத்தில் ஒழுகியது. வாளியும் கிடாரமும் பரப்பிய மனைவி கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, ஒழுக்குக்கு நேரை நல்லபக்கம் தெரிய மாட்டியிருக்கலாமே."

"சும்மா இரும். அங்க குளம் இன்னும் நிரம்பேல்லை," என்று சொல்லிவிட்டு, ஐந்தாவது ஒழுக்குக்கு வாளி தேடப் போனேன்.