கைராசியைச் சோதித்தவள்

தெருவில் அவளுக்குப் பெயர் ‘ஏனக்கா’. எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்பாள். கட்டிக்கொள்கிறேன் என்று வந்தவனிடமே, “பார்த்த உடனே பிடிச்சுப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டவள். பாவம், அந்த மனிதன் இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறான்.

அவள் வாழ்க்கைப்பட்டது ரொட்டிக்கடைக் குடும்பத்தில். மூத்த மருமகள். கொழுந்தன் மனைவியாகச் சின்னவள் வந்ததிலிருந்து ஒரு வில்லங்கம். அவள் பிசையும் மாவு மட்டும் உப்புவதே இல்லை.

“அவ கைக்கு ராசி இல்ல. இனிமே மாவைத் தொடக் கூடாது,” என்றாள் மாமியார்.

சின்னவளுக்கு அந்த வேலை என்றால் உயிர். மூலையில் நின்று கண்ணைக் கசக்கினாள். ஏனக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அத்தை, கொஞ்ச நாள் விடுங்க. நான் பார்க்கறேன்.”

முதல் சந்தேகம் தண்ணீர்மேல். இருவரும் ஒரே குடத்துத் தண்ணீரில் பிசைந்தார்கள். அப்போதும் சின்னவள் மாவு படுத்தே கிடந்தது. ஏனக்கா கைதட்டிக் குதித்தாள்.

“நீ நினைச்சது தப்பாப் போனதுக்கா இந்தக் குதி குதிக்கற?” என்றான் கணவன்.

“தண்ணி இல்லன்னு தெரிஞ்சுபோச்சே! இனி அந்தப் பக்கம் தேடவே வேணாம்!”

ஈஸ்டை மாற்றிப் பார்த்தாள். அதுவும் இல்லை. மறுநாள் தன் வேலையைப் போட்டுவிட்டுச் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் மாவுப் பாத்திரத்தை அடுப்புக்கு மேலே, சூடு படும் பலகையில் வைப்பார்கள். சின்னவள் குள்ளம். பலகை எட்டாது, ஸ்டூல் கேட்கவும் கூச்சம். அதனால் பின்கதவோரம், குளிர்காற்று அடிக்கும் கீழ்ப்பலகையில் வைத்துவிடுகிறாள். அடி சக்கை!

உடனே இருவர் பாத்திரத்தையும் இடம் மாற்றினாள். சின்னவள் மாவு பொங்கி வழிந்தது. ஏனக்காவின் மாவு கல்லாய்க் கிடந்தது.

“என் மாவு கெட்டுப்போச்சு! என் மாவு கெட்டுப்போச்சு!” என்று கடை முழுக்க ஓடினாள்.

மாமியார் அசரவில்லை. “அவளோடது ஏதோ குருட்டாம்போக்குல உப்பிடுச்சு. அவகூடச் சேர்ந்து உன் ராசியும் போச்சு.”

“அப்ப என்ன நடந்தா உங்க பேச்சு தப்புன்னு ஒத்துப்பீங்க? அதை முதல்ல சொல்லுங்க அத்தை.”

மாமியாரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. அவள் இரண்டு பாத்திரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேர் மாவையும் மேல வைங்க. நானே தொட்டுப் பார்க்கறேன். அவளோடது உன்னோடதுக்கு ஈடா இருந்தா ஒத்துக்கறேன்.”

அப்போதுதான் சின்னவள் வாய் திறந்தாள். “எது யாரோடதுன்னு அத்தைக்குத் தெரியக் கூடாது. அக்கா, நீங்களும் வெளியே போயிடுங்க.”

“நான் எதுக்குடி?”

“உங்க முகமே காட்டிக்குடுத்துடும். நீங்க என் பக்கம்.”

ஏனக்காவுக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடி சிரிப்பு பீறிட்டது. இதைத் தான் யோசிக்கவில்லையே! “போறேன்டி, போறேன்!”

கணவன் பாத்திரங்களின் அடியில் அடையாளம் போட்டு, மேல்பலகையில் இடம் கலைத்து வைத்துவிட்டு அவனும் வெளியே வந்தான். ஏனக்கா கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். உப்பியதும் மாமியார் மாவை ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒன்றில் விரல் நின்றது.

“இதுதான் மாவு! மூத்தவ கைராசி எங்க போகும்?”

எல்லாரும் உள்ளே ஓடிவந்து பாத்திரத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார்கள். சின்னவளின் அடையாளம்.

மாமியார் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு மகனைப் பார்த்து, “ஓடுடா, ஒரு ஸ்டூல் வாங்கிட்டு வா,” என்றாள். சின்னவள் பக்கம் திரும்பினாள். “நாளைக்கும் நீயே பிசை. நான் மறுபடி தொட்டுப் பார்க்கணும்.”