அடுப்பில்லாத அறை

நண்பர்களே, இந்தக் கார்டைக் கைமாற்றி எல்லோரும் படியுங்கள்.

சுதந்திரம் வந்த கையோடு, மைசூர் தேவராஜ மொஹல்லாவின் பழைய சந்துகளை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், என்ன சம்பாதிக்கிறார்கள் என்று எழுதுவது என் வேலை. பட்டியலில் ஏறியவர்களுக்குத்தான் புது வீடு. ஓர் அடுப்பு எரிந்தால் ஒரு குடும்பம் என்பது விதி.

இன்று நான் குடியிருக்கும் சந்தின் முறை. என் அறையைத் திறந்து காட்டினேன். கூட வந்த சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

"அடுப்பு எங்கப்பா?"

"மூணு வேளையும் ஓட்டல்தான் சார்."

"அப்ப காலின்னு எழுது."

"சார், மூணு வருஷமா இங்கதான் படுக்கறேன்."

"படுத்தா ஆச்சா? அடுப்பு எரியணும்ப்பா."

என் கையாலேயே 'காலி' என்று எழுதினேன்.

பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்து, "இந்த ரூம்ல ஆள் இருக்காங்களா சார்?" என்று என்னிடமே கேட்டார்.

அடுத்த வாரம் சரிபார்க்க மறுபடி போவோம். அதனால் மாலையில் மார்க்கெட்டில் ஒரு கரியடுப்பு வாங்கி வந்துவிட்டேன். சமைக்கத்தான் தெரியாது.

சமையல் தெரிந்தவர்கள் இரண்டு நாள் வந்து தங்குங்கள். வர முடியாதவர்கள், ஒரே ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்றாவது பதில் எழுதுங்கள்.