மவுஸ் சக்கரம் ஒட்டிய வரி

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிறேன். வெடியின் பெயர், எண்ணிக்கை, எப்படிக் கொளுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை எல்லாவற்றையும் பழைய லேபிளிலிருந்து எடுத்துப் புதியதில் ஒட்டுவதே பாதி வேலை. முதலாளி கம்ப்யூட்டர்களை லினக்ஸ் என்கிற வேறு இயங்குதளத்துக்கு மாற்றியபோது ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் அதிலேயே சொக்கிப்போனேன்.

காரணம், அதில் காப்பி எடுக்க இரண்டு வழி. கண்ட்ரோல் சி அழுத்தினால் ஒரு வரி ஓரிடத்தில் தங்கும். கண்ட்ரோல் வி அதை ஒட்டும். எதையும் அழுத்தாமல் மவுஸை இழுத்து ஒரு வரியை நீலமாக்கினாலே அது இன்னோரிடத்தில் தங்கிவிடும். மவுஸின் நடுச்சக்கரத்தை ஒரு அமுக்கு அமுக்கினால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே நேரத்தில் ரெண்டு வரி! தீபாவளி சீசனில் அது எம்புட்டு சுகம் என்று லேபிள் செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எந்த வரியை வாசித்தாலும் மவுஸால் நீலமாக்கிக்கொண்டே வாசிப்பது என் பழக்கம். அதுவும் காப்பிதான் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் காலை, அணுகுண்டு வெடி லேபிளுக்காக, "தரையில் வைத்து, தள்ளி நின்று கொளுத்தவும்" என்ற வரியை நீலமாக்கினேன். ஒட்டுவதற்குமுன், பக்கத்தில் திறந்திருந்த கம்பி மத்தாப்பு லேபிளைச் சும்மா வாசித்துப் பார்த்தேன். பிறகு அணுகுண்டுக்கு வந்து சக்கரத்தை அமுக்கினேன். எழுத்தின் அளவைச் சரிசெய்து, திரும்ப வாசிக்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மதியம் அச்சு மிஷின் ஓட்டுகிற அண்ணன் ஒரு ஷீட்டோடு வந்தார்.

"ஏம்மா தங்கச்சி, அணுகுண்டைக் கையில பிடிச்சுக் கொளுத்தச் சொல்லியிருக்கீகளே, யாரு கையி அது?"

ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். வாசிக்கும்போது நீலமாக்கிய மத்தாப்பின் வரி, முந்தைய வரியைத் தள்ளிவிட்டு அணுகுண்டில் உட்கார்ந்திருந்தது.

"எத்தனை ஷீட்டுண்ணே ஓடிருச்சு?"

"இது ஒண்ணுதான். வாசிக்காம ஓட்டுவேனா? அட, எதுக்கு அழுகுறீக?"

அழுதுகொண்டேதான் திருத்தினேன். அடுத்த ஷீட் வந்ததும் இருவரும் சத்தமாக வாசித்தோம். பக்கத்து மேஜைக்காரி, "ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கே போயிருக்கலாம்" என்று கேலி செய்தாள்.

சக்கரத்தை நான் விடவில்லை, அம்புட்டு லேசில் விடுவேனா? ஆனால் எச்சரிக்கை வரிகளுக்கு மட்டும் இப்போது திரையின் மூலையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். காப்பி எடுத்த கடைசிப் பத்து வரிகளும் அதில் நிற்கும். வேண்டியதைக் கண்ணால் பார்த்து எடுக்கிறேன், ஒட்டிய பிறகும் வாசிக்கிறேன். வேலை நிம்மதியாகத்தான் போகிறது.

தீபாவளிக்குப் பட்டாசுக் கம்பெனி எங்களுக்கும் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தது. அதில் அந்த அணுகுண்டும் இருந்தது. தங்கை மகள், அஞ்சாம் வகுப்பு, அணுகுண்டுப் பெட்டியைத் திருப்பி ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். வெடியைத் தெருவின் நடுவே தரையில் வைத்துவிட்டு, ஊதுபத்தியோடு நின்ற அவள் அப்பாவிடம், "நீங்க மட்டும் கொளுத்துங்கப்பா" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியம்மா, இங்கன நிக்காதீக. தள்ளி நிக்கணும்னு பெட்டியிலயே போட்டிருக்குல்ல."

தள்ளி நின்றேன். பெட்டியில் வேறு எது போட்டிருந்தாலும் அவள் அதையும் அப்படியே செய்திருப்பாள்.