நரி முகத்தில் முழிக்கப் போன காலை

பொறியில காலு மாட்டுன நரிய அரைமணி நேரத்துக்குள்ள விட்டுரணும். காலேஜ்ல இருந்து நரி ஆராய்ச்சிக்கு வந்த டாக்டரு மொத நாளே எங்கிட்ட போட்ட கண்டிசன் அது ஒண்ணுதான். "இது பல்லு இல்லாத பொறி, ரப்பர் வச்சது. எலும்பு முறியாது. ஆனா ரொம்ப நேரம் கெடந்தா கால் மரத்துப் போயிரும். அப்புறம் அது தன் காலையே கடிச்சுத் துப்பிரும், வலி தெரியாதுல்ல." நான் தலையாட்டுனேன். இருவது வருசம் ஆடு மேச்சவன்ட்ட வந்து நரியப் பத்திப் பாடம் எடுக்காரேன்னு உள்ளுக்குள்ள ஒரு எகத்தாளம்.

பனவடலிசத்திரத்துக்குக் கிழக்க கரிசக் காட்டுல நாலு பொறி புதைக்கணும், அதான் என் வேலை. விடியக்கருக்கல்ல மண்ணைச் சலிச்சு மேல தூவி, கருவாட்டுத் தண்ணி தெளிச்சுட்டு வரணும். அரைமணிக்கொருக்க போய்ப் பாக்கணும். விழுந்திருந்தா சங்கரன்கோவில் லாட்ஜுல தங்கியிருக்கிற டாக்டருக்குப் போன் அடிக்கணும். அவரு வந்து ஊசி போட்டு, கழுத்துல ஒரு பட்டைய மாட்டி, மயக்கம் தெளிஞ்சதும் விட்டுருவாரு. நரி எங்க போகுது, எங்க தூங்குதுன்னு அந்தப் பட்டை சொல்லுமாம். தெரிஞ்சு என்ன செய்யப் போறாங்கன்னு நான் கேக்கல.

நரி மூஞ்சியில முழிச்சா போற காரியம் ஜெயம்னு எங்க பக்கம் சின்னப்புள்ள கூடச் சொல்லும். "என்ன அண்ணாச்சி, தெனமும் நரி மூஞ்சியப் பாக்கீரு, இன்னும் அந்த ஓட்டை மொபட்டுலதான் போறீரு?"ன்னு டீக்கடையில கிண்டல் பண்ணுவானுவ. பண்ணுதவனுவளே அப்புறம் தனியா வந்து, ஒருநாள் எனக்குக் காட்டும்னு கெஞ்சுவானுவ. ஒருத்தருக்குக் கேஸ், ஒருத்தருக்குப் பொண்ணு பாக்கப் போகணும். எல்லாரையும் வெரட்டிவிட்டேன். நிறுத்தி வச்சுக் காட்டுறதுக்கு அதென்ன பொருட்காட்சியா?

எம் பொஞ்சாதி கேட்டப்போ வெரட்ட முடியல. அவளுக்கு வயித்துல கட்டி. சதையக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பிட்டு, வெள்ளிக்கெழமை வந்து ரிசல்ட் வாங்கிக்கோங்கன்னு திருநெல்வேலி ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாங்க. வியாழக்கெழமை சோறு போடும்போது சொல்லுதா: "இங்கேருங்க, நாளைக்கு நரி விழுந்தா வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. நீங்க வர்ற வரைக்கும் கண்ணைத் திறக்காமக் கெடக்கேன்."

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு?"

"ஆமா"ன்னா.

ரிசல்ட்ட எப்பவோ காகிதத்துல எழுதி முடிச்சிருப்பாங்க. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கெழமை மூணாவது பொறியில விழுந்து கெடந்துச்சு. பொட்டை நரி, முன்னங்காலு மாட்டியிருக்கு. என்னைப் பாத்துச்சு. நானும் அது மூஞ்சியப் பாத்தேன். ஆனா நான் பல்லு வெளக்கி, டீ குடிச்சு, நாலு பேரு மூஞ்சியப் பாத்துட்டு வந்தவன். எனக்குப் பலன் கெடையாது. டாக்டருக்கு அடிக்கணும்னு போனை எடுத்தேன். எடுத்து, திரும்பவும் சட்டைப்பையில போட்டுக்கிட்டு மொபட்ட ஸ்டார்ட் பண்ணுனேன். அவரு வந்துட்டா அவளைப் பக்கத்துல விட மாட்டாரு.

வீட்டுல அவ சொன்ன மாதிரியே கண்ணை மூடிக் கெடந்தா. கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். வாசல் நெலையில இடிச்சுக்கிட்டா. பின்னால உக்காந்து என் சட்டைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. போற வழியில ரோட்ட அடைச்சுக்கிட்டு ஒரு செம்மறிக் கூட்டம். ஓட்டிட்டு வந்த ஆளு அவம்பாட்டுக்குப் போனப் பாத்துக்கிட்டே வாரான். "ஏலே, ஆட்டை ஒதுக்குலே!"ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். அவன் காதுல விழவே இல்ல. அவ்வளவு ஆடும் கடந்து முடிய, டாக்டரு சொன்ன அரைமணி நேரம் அங்கனயே தாண்டிட்டு.

போய் நின்னா, பொறியச் சுத்தி மண்ணெல்லாம் ரத்தம். ரெண்டு வெரலக் காணோம். நரி வாயெல்லாம் ரத்தம். அழவும் இல்ல, ஊளை விடவும் இல்ல, பேசாம நிக்கி.

"வந்துட்டமா? திறக்கட்டுமா?"

"திறக்காத"ன்னேன்.

அந்த மூஞ்சியில அவளை முழிக்க வைக்க மனசு வரல. சாக்க நனைச்சு நரி தலையில போட்டேன். கண்ணு மறைஞ்சா அடங்கிரும். ரெண்டு பக்கத்து ஸ்பிரிங்கையும் ரெண்டு காலால மிதிச்சேன். பொறி வாயத் திறந்துச்சு. சாக்க உருவுனதும் மூணு காலுல மக்காச்சோளத்துக்குள்ள ஓடிட்டு. திரும்பினா, அவ கண்ணைத் திறந்து நிக்கா. நான் முன்னால, கையில சாக்கு.

"ஓடிட்டா?"

"ஓடிட்டு."

"அப்போ உங்க மூஞ்சியிலயா முழிச்சேன்? வெளங்குனாப்லதான்"னு சிரிச்சா.

பொறியக் கழுவிட்டு, நரி விழாம பொறி சும்மா மூடிக் கெடந்துச்சுன்னு டாக்டர்ட்ட பொய் சொன்னேன். பஸ்ஸப் புடிச்சு திருநெல்வேலி போனோம். ரிசல்ட்டப் பாத்துட்டு, மிஞ்சிப் போனா ஆறு மாசம்னாங்க. திரும்பி வர்ற பஸ்ஸுல அவ என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. எனக்கு அழுகை வரல, பயமும் வரல. மரத்துப் போச்சுன்னா வலி தெரியாதுன்னு டாக்டரு சொன்னாருல்லா, அது மெய்தான்.

மறுநாள் விடியக்காலம் அவ கண்ணை மூடிக்கிட்டே கூப்பிட்டா. "இங்கேருங்க, முன்னால வந்து நில்லுங்க."

"எதுக்குட்டி? ஒருதடவ முழிச்சதுக்கே இந்தப் பாடு."

"நில்லுங்கன்னா நில்லுங்க."

நின்னேன். கண்ணைத் திறந்தா, பாத்தா. "சரி, போங்க"ன்னா. அன்னையில இருந்து தெனமும் இதே கூத்து. அவ பாத்து முடிச்ச பெறகுதான் நான் காட்டுக்குப் போவேன். ஒருநாள் குளத்துக்கரைச் சேத்துல ரெண்டு வெரல் கொறைஞ்ச தடம் கெடந்துச்சு. நடந்ததையெல்லாம் அன்னைக்குத்தான் அவகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, "உயிரோட இருக்குல்லா, இருக்கட்டும்"னா.

தை மாசம் ஒருநாள் அவ கூப்பிடல. நானாப் போய் முன்னால நின்னேன். வெயில் கட்டில் வரைக்கும் வந்துட்டு. நின்னுக்கிட்டே இருந்தேன்.