எண்ணெய் ஆகாத இரும்பு

போன ஐப்பசியில், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை, கேத்தியிலிருந்து குன்னூருக்கு இறங்கும் சாலையில் நான் சைக்கிளோடு தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தேன்.

குன்னூரில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா கைக்குழந்தையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டுவதுதான் இன்றுவரை அவர் வேலை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருக்கிறோம்.

வேலைக்குச் சேர்ந்த மறுவருடம் பழைய ரோடு பைக் ஒன்று வாங்கினேன். வளைந்த கைப்பிடி, மெல்லிய டயர், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். காலையில் இறங்கும்போது பிரேக் உழைக்கும், மாலையில் ஏறும்போது நான் உழைப்பேன். அந்த மழையில், சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் தேய்ந்து தகடாகிவிட்டது. புதிதாக எதை வாங்குவது என்று மூன்று நாள் போனும் கையுமாக உட்கார்ந்து படித்தேன்.

"என்னா தம்பி, பரீட்சையா?" என்றார் அப்பா.

"பிரேக்குக்குப் பேட் பாக்குறேன்ப்பா."

"அதுல இம்புட்டு நேரம் பாக்க என்னா இருக்கு?"

"உங்களுக்குப் புரியாதுப்பா."

அவர் கத்தியைத் துடைக்க எழுந்து போனார். நான் போனை விட்டுத் தலை நிமிரவில்லை.

பேட்களில் ரெசின், மெட்டல் என்று இரண்டு வகை முக்கியம். ரெசின் சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மழையில் சீக்கிரம் தேயும். மெட்டல் நாள்பட உழைக்கும், நீண்ட இறக்கத்தின் சூட்டையும் தாங்கும். மலைக்கு மெட்டல்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு குன்னூர் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் மேட்டுப்பாளையத்துப் பக்கம். எட்டாம் வகுப்புக்கு உராய்வுப் பாடம் எடுப்பவன் நான் என்று தொடங்கிய என் பிரசங்கத்தை முழுதும் கேட்டுவிட்டுச் சக்கரத்தின் அருகில் குனிந்தார்.

"ஏனுங்க, டிஸ்க்குல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா? ரெசின் மட்டும்னு போட்டிருக்குதுங்க. இதுக்கு மெட்டல் போட்டா தட்டையே அரிச்சுப்போடும்."

ஊர் உலகமெல்லாம் படித்தவன், என் வண்டியில் இருந்த பொடி எழுத்தைப் படிக்கவில்லை. அரை மனதாக ரெசினே வாங்கினேன். மாட்டிக்கொடுத்தவர், இருபது முறை ஓட்டி, பிரேக் பிடித்து, பேட்டைத் தட்டுக்குப் பழக்கச் சொன்னார். ஞாயிறு காலை அப்படியே செய்தேன். கச்சிதமாகப் பிடித்தது.

மறுநாள்தான் அந்தத் திங்கட்கிழமை. லைனிலிருந்து சாலைவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஏறுவேன். முதல் வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தேன். பிடி இறுகியது, சக்கரம் நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். வண்டி வழுக்கிக்கொண்டே வேகம் எடுத்தது. எதிரே பேருந்தின் ஹாரன் கேட்டது. யோசிக்க நேரமில்லை, இடது பக்கம் திருப்பிவிட்டேன். சாலையோர ஓடையைத் தாண்டிச் செடிகள் மேல் விழுந்தேன். கவ்வாத்து வெட்டி நாளாகிவிட்ட அடர்ந்த செடிகள் என்னைத் தாங்கிக்கொண்டன. கை மட்டும் சிராய்த்தது.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த லைன் அக்கா ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், "வாத்தியாரு கொழுந்தெடுக்க வந்தா கூடையோட வரணும்ல" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் இரண்டு பேர் நிற்கும்போதே கத்தினேன். "டூப்ளிகேட் பேட் குடுத்திருக்கீங்க. மெட்டல் கேட்டப்பவே குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. என் கையைக் கழுவத் தண்ணீர் காட்டிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க் தட்டை ஒரு விரலால் தடவி முகர்ந்தார். பிறகு விரலை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே மோந்து பாருங்க."

மண்ணெண்ணெய் கலந்த பழைய எஞ்சின் ஆயில். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வாசனை. எங்கள் மலையில் இரும்பைத் துடைக்காமல் வைத்தால் ஒரே பனியில் துருவேறிவிடும். வேலை முடிந்து வந்ததும் அப்பா கவ்வாத்துக் கத்திக்கு அந்த எண்ணெயைப் பூசாமல் சாப்பிட உட்காரமாட்டார். எல்லா லைன் வீட்டிலும் அதுதான் பழக்கம். ஞாயிறு மாலை என் வண்டிக்கும் பூசியிருக்கிறார்.

"எங்க வீட்லதாங்க போட்டிருக்காங்க. உங்களைத் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றேன், அந்த இருவரும் கேட்கும்படியாகவே.

"உடுங்க. எட்டாவதுக்கு உராய்வுப் பாடம் நீங்கதான் எடுக்கறதுன்னு சொன்னீங்கல்லங்க?" என்று சிரித்தார். எண்ணெய் ஊறிய பேட் இனி ஆகாது என்று கழற்றி எறிந்தார். தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வேறு ரெசின் பேட் மாட்டினார்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் அப்பாவே கேட்டார். "வண்டி நல்லா ஓடுச்சா? தட்டுல துரு ஏறிருந்துச்சு, எண்ணெ போட்டுத் தொடச்சு வச்சேன்."

நன்றாக ஓடியது என்று சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் நாளைக்கும் பனி இருக்கும், அவர் எண்ணெயும் இருக்கும். வண்டியருகே அவரை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். என் கையைப் பிடித்துச் சிராய்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க அன்னைக்கே கேட்டீங்க. நான்தான் சொல்லலப்பா."

"எண்ணெ ஆகாத இரும்பும் இருக்கா?" என்றார் மெதுவாக.

சக்கரத்தைச் சுற்றி, பேட் தட்டைக் கவ்வுவதைக் காட்டினேன். ரெசின், மெட்டல் கதையையும் சொன்னேன். எனக்கு மூன்று நாள் ஆனது, அவருக்குப் பத்து நிமிடம்.

"அப்ப தேயிறது தேயட்டும், மாத்திக்கலாம். தட்டு தேயக் கூடாது, அதானே?" என்றார்.

இப்போது சனிக்கிழமைதோறும் பேட் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அவர்தான் குனிந்து பார்க்கிறார். எண்ணெய்த் துணி சங்கிலியோடு நின்றுவிடுகிறது. வகுப்பில் எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் விளக்குகிற நான், வீட்டில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டதற்குத்தான் அன்று தேயிலைச் செடியில் விழுந்தேன் என்று, அந்த வளைவில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.